கயிறு கைமாறும் முன்: விற்ற குதிரைக்குப் பணம் வராதபோது

குதிரையை விற்றுவிட்டுப் பாக்கிக்காக அலைபவர், தான் ஏமாந்த நாள் எது என்று கேட்டால் கடைசித் தவணை வராமல் போன நாளைச் சொல்வார். சட்டப்படி பார்த்தால் அவர் பலம் இழந்த நாள் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. கயிற்றை வாங்கியவர் கையில் கொடுத்தாரே, அந்த நாள். இந்தியச் சட்டம் விற்பவருக்குக் கொடுத்திருக்கும் உறுதியான உரிமைகள் எல்லாம் குதிரை அவருடைய லாயத்தில் நிற்கும்வரை இருப்பவை. மிஞ்சிப் போனால் அது லாரியில் வழியில் இருக்கும்வரை நீள்பவை. வாங்கியவரின் கொட்டிலில் இறங்கிய பிறகு அவரும் கடன்காரர்களுக்குப் பின்னால் நடக்கும் பலரில் ஒருவர்தான். இது அநீதி என்று விற்றவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு வலுவான நியாயம் இருக்கிறது என்பதும், அந்த நியாயத்தைப் புரிந்துகொண்டால்தான் தற்காப்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். போலீஸ் நிலையமோ, ஆள் சேர்த்துக்கொண்டு குதிரையை மீட்கப் போவதோ அந்த இடம் ஆகாது. ஒப்படைப்புக்கு முன் எழுதிக்கொள்ளும் ஒரு தாள்தான் அந்த இடம்.

ஈரோடு மாவட்டத்தின் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை, ராஜஸ்தானின் புஷ்கர், பீகாரின் சோன்பூர், மகாராஷ்டிரத்தின் சாரங்கேடா என்று இந்தியாவில் குதிரை கைமாறும் பெரிய சந்தைகள் பல உண்டு. நம் பக்கத்துக் கால்நடைச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதும், தரகர் நடுவில் நிற்பதும், அச்சாரம் கைமாறியதும் பேச்சு முடிந்துவிட்டதாகக் கொள்வதும் பழைய வழக்கம். மீதிப் பணத்துக்கு ஒரு தவணை சொல்லப்படும். இந்த இடைவெளியில் விற்றவர் மனதில் ஒரு நம்பிக்கை இருக்கும்: முழுப் பணம் வரும்வரை குதிரை என்னுடையது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 20ஆம் பிரிவில், ஒப்படைக்கத் தயாராக உள்ள இன்ன பொருள் என்று குறிப்பிட்டு நிபந்தனை இல்லாமல் விற்றால், ஒப்பந்தம் ஆன கணத்திலேயே உடைமை வாங்கியவருக்குப் போய்விடுகிறது என்கிறது. பணம் பிறகு தரலாம் என்பதோ ஒப்படைப்பு பிறகு என்பதோ இதை மாற்றாது. கண்முன் நிற்கும் இந்தக் குதிரை என்று காட்டி விற்கும் வியாபாரத்துக்கு இந்த விதி அப்படியே பொருந்தும். இதில் விற்பவருக்கு ஒரு லாபமும் உண்டு. 26ஆம் பிரிவின்படி, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், உடைமை போன இடத்துக்கே இழப்பின் பொறுப்பும் போகிறது. விற்ற மறுநாள் குதிரை வயிற்றுவலி கண்டு அவர் லாயத்திலேயே செத்தால், அவர் கவனக்குறைவு இல்லாத நிலையில், விலை வாங்கியவர் தலையில்தான் விழும்.

இதற்கு நேர்மாறான விதியும் உலகில் இருந்திருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூல், விற்று ஒப்படைத்த பொருளும் விலை செலுத்தப்படாதவரை அல்லது பிணையோ அடமானமோ தரப்படாதவரை வாங்கியவருக்குச் சொந்தமாகாது என்று கூறி, அந்த விதியைப் பன்னிரண்டு பலகைச் சட்டம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் அதே இடத்தில் ஒரு விலக்கையும் வைக்கிறது: விற்றவர் வாங்கியவரின் சொல்லை நம்பிக் கடனாகக் கொடுத்திருந்தால், பொருள் உடனே வாங்கியவருடையதாகிவிடும். கடன் கொடுப்பது என்பது விற்றவர் தானாக எடுத்த முடிவு என்று ரோமானியச் சட்டமே கருதியிருக்கிறது. உலகெங்கும் இந்தப் பிரச்சினை கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது: நம்பிக் கொடுத்தாரா, இல்லையா?

லாயத்தில் குதிரை நிற்கும் கட்டத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விற்பவரின் முழு பலமும் அங்கேதான் இருக்கிறது. விலை முழுவதும் வந்து சேராதவரை அவர் சட்டத்தின் மொழியில் பணம் பெறாத விற்பனையாளர். காசோலை வாங்கி அது திரும்பி வந்திருந்தாலும் அவர் அந்த நிலையில்தான் இருக்கிறார். தவணை எதுவும் பேசாமல் விற்றிருந்தாலோ, பேசிய தவணை கடந்துவிட்டாலோ, வாங்கியவர் நொடித்துப் போனாலோ, குதிரையைக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொள்ள 47ஆம் பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. உடைமை வாங்கியவருக்குப் போயிருந்தாலும் இந்த உரிமை அழிவதில்லை. வாங்கியவரின் சார்பில் தீனி போட்டுப் பராமரிப்பவராகவே அவர் குதிரையை வைத்திருந்தாலும் உரிமை நிற்கும் என்று அதே பிரிவு தெளிவாக்குகிறது. இந்தத் தெளிவின் அருமை பழைய இங்கிலாந்து வழக்குகளைப் படித்தால்தான் விளங்கும். 1809இல் தீர்ப்பான எல்மோர் எதிர் ஸ்டோன் வழக்கில் விற்றவர் குதிரை வியாபாரி. கட்டணத்துக்குக் குதிரைகளைப் பராமரிக்கும் லாயமும் அவருக்கு இருந்தது. வாங்கியவர், குதிரைகள் என்னுடையவை, எனக்கு வேலையாளும் லாயமும் இல்லை, நீரே கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார். வியாபாரி விற்பனை லாயத்திலிருந்து குதிரைகளை அவிழ்த்து வேறொரு லாயத்தில் கட்டினார். பிறகு வாங்கியவர் பின்வாங்கினார். எழுத்தில் எதுவும் இல்லாத அந்த விற்பனை, ஒரு லாயத்திலிருந்து இன்னொரு லாயத்துக்கு மாற்றிக் கட்டிய அந்தச் செயலால் மட்டுமே நிலைத்தது. அது ஒப்படைப்புக்குச் சமம் என்றது நீதிமன்றம்.

1822இல் கார்ட்டர் எதிர் டூசான்ட் வழக்கிலோ முடிவு மாறியது. பந்தயக் குதிரை ஒன்று வாய்மொழியாக விற்கப்பட்டுச் சில நாட்கள் விற்றவர்களிடமே நின்றது. பிறகு வாங்கியவர் சொன்னபடி மேய்ச்சலுக்கு அனுப்பப்பட்டது. அங்கே அது பதிவானது விற்றவர்களில் ஒருவர் பெயரில். பிடி விற்றவர்களை விட்டுப் போகவே இல்லை, ஆகவே வாங்கியவர் குதிரையைப் பெற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்று முடிவாகி, அவர்கள் விலை கேட்ட வழக்கு தோற்றது. பெரிய தொகை விற்பனைக்கு எழுத்தோ, முன்பணமோ, பொருளைப் பெற்றுக்கொண்டதன் அடையாளமோ வேண்டும் என்ற 1677ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தவை இவ்விரு வழக்குகளும். அந்தக் கட்டாயம் இன்றைய இந்தியச் சட்டத்தில் இல்லை. வாய்மொழி விற்பனையும் செல்லும். ஆனாலும் எந்த லாயம், யார் பெயர் என்ற சின்னச் சின்னச் செயல்களிலிருந்துதான் நீதிமன்றம் பேச்சின் தன்மையை ஊகிக்கிறது என்ற பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை.

பிடித்து வைக்கலாம் என்றால் அது தீர்வாகிவிடுமே என்று தோன்றும். நெல் மூட்டைக்கும் இரும்புக்கும் அது ஓரளவு உண்மை. குதிரை தினமும் புல்லும் கொள்ளும் தின்கிறது, லாடம் கேட்கிறது, ஓடாமல் நின்றால் கால் வீங்குகிறது, வயது ஏறுகிறது. பிடித்து வைக்கும் உரிமை விலைக்காக மட்டும் உள்ளது. வாங்கியவரை எடுத்துப்போகச் சொல்லி அவர் எடுக்காமல் இருந்தால் நியாயமான பராமரிப்புச் செலவைக் கேட்க 44ஆம் பிரிவு இடம் தருகிறது என்றாலும், கையில் இன்று இறங்கும் செலவு இன்றே இறங்குகிறது. அதனால் குதிரை விஷயத்தில் உண்மையான ஆயுதம் 54ஆம் பிரிவின் மறுவிற்பனை. இதில் ஒரு நுணுக்கம் பலருடைய பணத்தைத் தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். இன்ன நாளுக்குள் பணம் வராவிட்டால் மறுபடி விற்பேன் என்று வாங்கியவருக்கு அறிவிப்புக் கொடுத்து, நியாயமான அவகாசம் விட்டு விற்றால், விலை குறைந்தால் அந்த நட்டத்தை அவரிடம் கேட்கலாம். விலை கூடினால் கூடுதல் விற்பவருக்கே. அறிவிப்பு இல்லாமல் விற்றால் இரண்டும் தலைகீழாகிவிடும்: நட்டத்தைக் கேட்க முடியாது, லாபம் வந்தால் பணம் தராத அந்த மனிதருக்கே கொடுக்க வேண்டும். 4 லட்சத்துக்குப் பேசி 1 லட்சம் முன்பணம் வாங்கிய குதிரை, அறிவிப்புக்குப் பின் 3,50,000க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். 50,000 நட்டத்தையும் நியாயமான செலவையும் கழித்துக்கொண்டு முன்பணத்தின் மீதியைத் திருப்பித் தரத்தான் வேண்டியிருக்கும். பணம் வராவிட்டால் அச்சாரம் பறிபோகும் என்று பேசி, அதுவும் நியாயமான தொகையாக இருந்தால் மட்டும் கணக்கு வேறு. அறிவிப்பு பதிவுத் தபாலில் போயிருந்தால் இத்தனையும் சில பக்கங்களில் நிரூபிக்கக் கூடியவை. போகவில்லை என்றால் தரகரின் ஞாபகசக்தியை நம்ப வேண்டும்.

லாரியில் ஏற்றிய பிறகு உரிமை ஒரு படி மெலிகிறது. வழியிலேயே நிறுத்தித் திரும்பப் பெறும் உரிமை, வாங்கியவர் நொடித்துப் போனால் மட்டும்தான். நீதிமன்றம் திவால் என்று அறிவித்திருக்க வேண்டியதில்லை, வழக்கமான போக்கில் கடன்களைக் கட்டுவதை நிறுத்தியிருந்தாலே போதும். அதிலும் லாரி வாடகைக்கு எடுத்த மூன்றாமவருடையதாக இருக்க வேண்டும். வாங்கியவர் தன் வண்டியையே அனுப்பியிருந்தால் ஏற்றிய இடமே ஒப்படைப்பு நடந்த இடமாகிவிடும். யாருடைய வண்டி என்ற கேள்வியைச் சந்தையில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது.

குதிரை இறங்கிவிட்டது, பணம் வரவில்லை. இனி இருப்பது விலைக்கான வழக்கு. 55ஆம் பிரிவின் கீழ் விலையையும், 61ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் தகுந்ததென்று கருதும் வட்டியையும் கேட்கலாம். எழுத்துமூல ஒப்பந்தமோ புரோநோட்டோ காசோலையோ இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் ஆணைப்படி சுருக்க விசாரணை வழக்குப் போட முடியும். அங்கே எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வாங்கியவர் கடன் கொடுத்தவர்களை ஏய்க்கத் தன் சொத்தை மறைக்கவோ விற்கவோ முனைகிறார் என்று காட்ட முடிந்தால், தீர்ப்புக்கு முன்பே சொத்தைப் பற்றுகை செய்யக் கேட்க 38ஆம் ஆணை இருக்கிறது. பாக்கிக்கு வாங்கிய காசோலை பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு கைகொடுக்கும்: வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து 15 நாட்கள் அவகாசம், பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். காலவரம்புச் சட்டம் விலைக்கான வழக்குக்கு 3 ஆண்டுகள் தருகிறது. தவணை குறித்திருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்தும், குறிக்காவிட்டால் ஒப்படைத்த நாளிலிருந்தும் அது ஓடும். அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்துக் கிடைத்தால் கணக்கு மறுபடி தொடங்கும். வருஷக்கணக்கில் 'அடுத்த மாதம்' என்ற பதிலோடு திரும்பியவர்கள் இழப்பது பெரும்பாலும் இந்த மூன்றாண்டைத்தான்.

இவ்வளவு சுற்று எதற்கு, இது அப்பட்டமான மோசடிதானே, போலீஸில் புகார் கொடுத்தால் பயந்து தந்துவிடுவாரே என்று கேட்பவர்கள் நிறைய. இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் விடை சொன்ன வழக்கு, தற்செயலாக, குதிரைத் தீவனம் பற்றியது. டெல்லி ரேஸ் கிளப்புக்குப் பல ஆண்டுகளாகக் குதிரைத் தானியமும் ஓட்ஸும் கொடுத்துவந்த ஒரு வியாபாரி, 9,11,434 ரூபாய் பாக்கி வரவில்லை என்று குற்றப் புகார் கொடுத்தார். கீழ் நீதிமன்றம் சம்மன் அனுப்பியது. உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. ஏமாற்றுதல் என்றால் தொடக்கத்திலேயே, பொருளை வாங்கும்போதே, தர மாட்டேன் என்ற கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும். நம்பிக்கை மோசடி என்றால் பொருள் ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். விற்பனையிலோ உடைமையே கைமாறிவிடுகிறது, ஒப்படைத்து வைத்தது என்று எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரே செயல் ஒரே நேரத்தில் இரண்டு குற்றங்களாகவும் இருக்க முடியாது என்பதையும் நீதிமன்றம் வலியுறுத்தியது. இது கடுமையாகத் தெரிந்தாலும் சரியான முடிவு என்றே கருதுகிறேன். பாக்கி வைத்தவரையெல்லாம் கைது செய்யலாம் என்றால், அந்த அதிகாரம் முதலில் பாயப்போவது தீவனக் கடைக்குப் பாக்கி வைத்திருக்கும் அதே குதிரைக்காரர்மீதுதான். பொய்ப் பெயர், பொய் முகவரி, மூடப்பட்ட வங்கிக் கணக்கின் காசோலை என்று தொடக்க எண்ணத்தைக் காட்டும் சான்று இருந்தால் குற்றப் புகாருக்குத் தடை இல்லை.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் இயல்பானது: போய்க் குதிரையைப் பிடித்து வந்துவிட்டால் என்ன? இந்திய தண்டனைச் சட்டம் திருட்டுக்குத் தந்த விளக்கங்களில் ஒன்று கடிகாரம் பற்றியது. பழுது பார்த்த கூலிக்காகக் கடிகாரத்தைச் சட்டப்படி பிடித்து வைத்திருப்பவரிடமிருந்து அதன் சொந்தக்காரரே, அந்தப் பிணையை ஒழிக்கும் எண்ணத்தோடு எடுத்துச் சென்றாலும் அது திருட்டு. அதே நியாயப்படி, பணம் கட்டாத வாங்கியவர் இரவோடு இரவாக விற்றவரின் லாயத்திலிருந்து குதிரையை ஓட்டிப்போனால், குதிரை அவருடையதே ஆனாலும் அவர் குற்றவாளி. ஒப்படைத்த பிறகு அந்தப் பாதுகாப்பு முழுவதும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. அப்படியானால் முழுப் பணம் வரும்வரை உடைமை என்னுடையது என்று எழுதிக்கொண்டால்? சரக்கு விற்பனைச் சட்டத்தின் 19, 25ஆம் பிரிவுகள் அதை அனுமதிக்கின்றன. கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் அதன் எல்லையையும் அறிந்து எழுத வேண்டும். விற்றவர் சம்மதத்தோடு குதிரையைக் கையில் பெற்றவர் அதை, விஷயம் தெரியாத ஒருவருக்கு நல்லெண்ண விற்பனையாக விற்றுவிட்டால், 30ஆம் பிரிவின்படி அந்த மூன்றாமவருக்கு முழு உரிமை கிடைக்கிறது. விற்றவரின் ஷரத்து அவரைக் கட்டாது.

சட்டத்தின் நியாயம் முழுமையாக வெளிப்படும் இடமும் இதுதான். அடுத்த சந்தையில் சுழி பார்த்து, பல் பிடித்து வயது பார்த்து, ரொக்கம் எண்ணிக் கொடுத்து வாங்கிய ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்கும் முதல் விற்பனையாளருக்கும் நடுவில் ஓர் ஏமாற்றுக்காரர். நட்டத்தை இருவரில் ஒருவர்தான் சுமக்க வேண்டும். ஏமாற்றுக்காரரின் கையில் கயிற்றைக் கொடுத்து அவரைச் சொந்தக்காரர்போல் சந்தையில் நிற்கவைத்தவர் யார்? ஒப்படைக்கும் முன் கேள்வி கேட்க வாய்ப்பு யாருக்கு இருந்தது? இரண்டுக்கும் பதில் முதல் விற்பனையாளர்தான். இந்த விதி இல்லாவிட்டால் ஒவ்வொரு குதிரைக்கும் முந்தைய பத்துக் கைகளின் பாக்கிக் கணக்கைத் தோண்டிப் பார்த்த பிறகே வாங்க வேண்டியிருக்கும்; சந்தை நின்றுபோகும்.

பணம் தராத எல்லோரும் கெட்டவர்கள் அல்லர் என்பதையும் விற்பவர் தரப்பு ஏற்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் தன் விளக்கங்களுக்குத் திரும்பத் திரும்பக் குதிரையையே எடுத்துக்கொள்கிறது. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்றுவிட்டு வாய் திறக்காமல் இருப்பது மோசடி ஆகாது. ஆனால், நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் சொல்லி, அதன் பிறகும் விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். நொண்டல் இல்லை என்று உறுதி சொல்லி விற்ற குதிரை நொண்டினால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி வாங்கியவர் விலையில் குறைத்துக்கொள்ளக் கேட்கலாம். பார்த்துப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று கொண்டுபோன குதிரையின் நிலை இன்னும் வேறு: 1880இல் எல்ஃபிக் எதிர் பார்ன்ஸ் வழக்கில், 8 நாள் சோதனைக்குக் கொடுத்த குதிரை 3ஆம் நாள் யார் தவறும் இல்லாமல் செத்தது, உடைமை இன்னும் மாறவில்லை என்பதால் விலை கேட்ட விற்பனையாளர் தோற்றார்.

எழுத்து வேண்டும் என்றதும் வரும் கடைசி எதிர்ப்பு, சந்தை நம்பிக்கையில் நடக்கிறது, தாள் நீட்டினால் அது அவமதிப்பு என்பது. வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குதிரை அனுப்பிய வணிகரைப் பற்றிப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதிய குறிப்பு இருக்கிறது. ஆண்டுக்கு 1,400 குதிரைகள் என்ற ஏற்பாடு. தலைக்கு 220 தினார் பொன். வழியில் செத்தாலும் அரசுக் கருவூலம் விலை தர வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து விஜயநகரத்தைப் பற்றி எழுதிய போர்த்துகீசியர் நூனிஸ், அதன் அரசன் சாளுவ நரசிம்மன் கடலில் இறந்த குதிரைக்கு வாலைக் காட்டினாலே பணம் கொடுத்தான் என்கிறார். இத்தனை தாராளத்தில் மிகை இருக்கலாம். ஆனால் எந்த நீதிமன்றத்துக்கும் இழுக்க முடியாத அரசனிடம் விற்றவர்கள், கப்பல் கிளம்பும் முன்பே பணத்தின் பாதையைப் பேசி முடித்துக்கொண்டார்கள் என்பது தெளிவு. அவர்களுக்கும் அரசருக்கும் இடையே நம்பிக்கை இருந்தது. பேசி வைத்த நிபந்தனைகளும் அதோடு சேர்ந்தே இருந்தன.

இன்றைய தாளில் எழுத வேண்டியது அதிகம் இல்லை. குதிரையின் நிறம், சுழி, தழும்பு, வயது. விலை, பெற்ற தொகை, மீதிக்கு நாள். சொன்ன உறுதிமொழிகள், சொல்லாதவை. முழுப் பணம் வரும்வரை உடைமை விற்பவருடையது என்றால் அதுவும், அந்த இடைக்காலத்தில் குதிரை செத்தால் நட்டம் யாருடையது என்பதும். உடைமையைத் தன்னிடம் வைத்துக்கொள்பவர் 26ஆம் பிரிவின்படி சாவின் நட்டத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறார்; பலர் மறக்கும் இடம் இது. கயிறு இன்னும் கைமாறவில்லை என்றால் இன்னொரு வரியும் வேண்டும்: குறித்த நாளில் பணம் வராவிட்டால் மறுபடி விற்கும் உரிமையை இப்போதே ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன் என்பது. 54ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு அதை ஏற்கிறது. அந்த ஒரு வரி இருந்தால், நாள் தவறியதுமே விற்பவர் வேறொருவருக்குக் குதிரையைக் கொடுக்கலாம்; முதல் பேரம் அதோடு முறிந்துவிடும், நட்டம் இருந்தால் அதைக் கேட்கும் உரிமை மட்டும் முறியாது.